மஞ்சள் அவுட்டர்

“அறுபது சைக்கிள்லயும் இந்த மஞ்சளைக் கழட்டிட்டு, பழைய கறுப்பையே மாட்டணும். அது வரைக்கும் ஒரு சைக்கிளைக்கூட யாருக்கும் குடுக்கக் கூடாது.”

சொல்லிவிட்டேன். பட்டப்பகல் ஒன்றரை மணிக்கு, பூதலூர் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லின் நெல் காயவைக்கும் களத்தில் நின்று, மில் முதலாளி பஞ்சநதத்தின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.

இப்படிக் கேட்கக் கூடாது என்று என்னிடம் இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். ஒருவர் என் அப்பா ரெத்தினம். அந்த மில்லில் மூட்டை தூக்குகிறார். அதற்கு முன்னால் அவரும் அவருடைய அப்பாவும் பஞ்சநதத்தின் வயலில் வேலை செய்தவர்கள். “அந்த வீட்டுல குடுத்தா வாங்கிக்க. குடுக்கலையா, வந்துகிட்டே இரு. வேணும்னு மட்டும் நின்னு கேட்காத.” எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்னொருவர் அப்துல் ஹமீது. தஞ்சாவூரில் நான் வேலை பார்க்கும் சைக்கிள் கடைக்காரர். பாய் என்றுதான் கூப்பிடுவேன். அன்று காலை கடை வண்டியை விட்டு மில் வாசலில் இறங்கும்போதே, சைக்கிளில் வந்த என்னை நிறுத்தினார். “மதி, உள்ள போயி என்ன வேணாலும் பேசு. கழட்டணும்ங்கிற வார்த்தை மட்டும் வாயில வந்துடக் கூடாது. நல்ல காரியம் நடக்கிற இடம். மனுசன் மனசு கோணிடும்.”

மனசு கோணினால் நாலு நாளில் நிமிர்ந்துவிடும். பதினாலு வயசுப் பெண்ணின் கால் கோணினால் நிமிராது. இதை அப்போதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உள்ளே வந்து பெரியவரிடமே சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

பஞ்சநதம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை அவருக்கு மணிவிழா. அறுபது வயது முடிவதற்கு ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பெண்கள் அறுபது பேருக்கு அறுபது கியர் சைக்கிள். களத்தில் பத்துப் பத்தாக ஆறு வரிசை நிறுத்தியிருந்தோம். வான நீல நிறம். சீட்டுக்கு மஞ்சள் உறை, கைப்பிடிக்கு மஞ்சள் ரப்பர், ஹேண்டிலிலிருந்து சக்கரத்துக்குப் போகிற பிரேக் ஒயரும் மஞ்சள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மூட்டையை இறக்கிவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தார்.

“ரெத்தினம், இது ஒம்பொண்ணுதானே?”

“ஆமாங்கய்யா. பெரியவ.”

“என்னமோ கழட்டணும்ங்குது?”

அப்பா துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். அந்த மனிதரிடம் பேசும்போதெல்லாம் அந்தத் துண்டு தோளிலிருந்து அக்குளுக்கு இறங்கிவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்கிட்டயே கேளுங்க சார்,” என்றேன். “நான்தான் சொன்னேன்.”

‘ஐயா’ என்னாமல் ‘சார்’ என்றதும் பக்கத்தில் நின்ற தமிழரசன் முறைத்தான். பஞ்சநதத்தின் அக்கா மகன். மில் நிர்வாகம் அவன் கையில். அந்த மஞ்சளை வாங்கி வந்ததும் அவன்தான்.

நடந்தது இதுதான். சைக்கிள்கள் கம்பெனியிலிருந்து வரும்போது நன்றாகத்தான் வந்தன. பிரேக்குக்குப் பிரேக் அவுட்டர், கியருக்குக் கியர் அவுட்டர், எல்லாம் கறுப்பு. அவுட்டர் என்றால் ஒயரின் மேல்குழாய். அதற்குள் ஓடுகிற கம்பி இன்னர். கையால் லீவரைப் பிடித்தால் இன்னர் இழுபடும், அவுட்டர் நசுங்காமல் நின்று கொடுக்கும், பிரேக் பிடிக்கும். அவ்வளவுதான் விஷயம். இதில் மங்களம் அமங்களம் எங்கே வந்தது என்று யாராவது கேட்கலாம். வந்தது.

முதல் பத்து சைக்கிள் களத்தில் இறங்கியதும் பஞ்சநதம் சுற்றிவந்து பார்த்தார். ஹேண்டிலுக்கு முன்னால் வளைந்து தொங்கிய கறுப்பு ஒயர்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“என்னய்யா இது, கறுப்புக் கறுப்பா தொங்குது? தானம் குடுக்கிற பொருள்ல முன்னாடியே கறுப்பு தெரியலாமா? மஞ்சளா மாத்துங்க.”

இரண்டு நாளில் மஞ்சள் வேண்டும். தமிழரசன் திருச்சிக்குப் போனான். நல்ல மஞ்சளாக, பளபளவென்று, சுருள் சுருளாக வாங்கி வந்து போட்டான். கையில் எடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மெலிசு. பிரேக் அவுட்டர் ஐந்து மில்லி இருக்கும், இது நான்கு. கியர் அவுட்டர்.

வெட்டிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. பிரேக் அவுட்டரைக் குறுக்கே வெட்டினால், பிளாஸ்டிக் தோலுக்குள் தட்டைக் கம்பி ஒன்று ஸ்பிரிங் மாதிரிச் சுற்றிச் சுற்றிப் போயிருக்கும். லீவரை எவ்வளவு இறுக்கினாலும் அந்தச் சுற்று தாங்கும். கியர் அவுட்டர் அப்படியில்லை. மெல்லிய கம்பிகள் பத்துப் பதினைந்து, கட்டிவைத்த துடைப்பக்குச்சி போல, நீளவாக்கில் கிடக்கும். அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது வெறும் பிளாஸ்டிக். கியருக்கு அது போதும். அங்கே இழுவை குறைவு, நீளம் மாறாமல் நின்றால் சரி. பிரேக்குக்குப் போட்டால் பிடிக்கும். பிடித்துக்கொண்டே இருக்கும். வேகமாக வரும்போது ஒரு நாள் ஒருத்தி பயந்து முழு பலத்தோடு பிடிப்பாள் இல்லையா, அப்போது பிளந்துகொள்ளும்.

“பாய், இது கியருக்கு உள்ளது,” என்றேன்.

“தெரியுதும்மா. மாட்டு. நான் பேசிக்கிறேன்.”

தெரியுதும்மா! இருபத்தைந்து வருஷம் சைக்கிள் கடை வைத்திருப்பவருக்குத் தெரியாமல் இருக்குமா? அதுதான் தாங்க முடியவில்லை. தெரியாதவர்கள்மேல் எனக்குக் கோபம் குறைவு. கடைக்கு வருகிறவர்கள் செய்யாத அநியாயமா? ஒயர் இறுக்கமாக இருக்கிறது என்று டிராக்டர் கழிவு எண்ணெயை ஊற்றி எடுத்து வருவார்கள். உள்ளே உமித்தூசி ஒட்டி, எண்ணெயோடு சேர்ந்து அல்வா மாதிரி அடைத்துக்கொண்டிருக்கும். கண்ணுபடாமல் இருக்க இரண்டு ஒயரையும் சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு, ஹேண்டிலைத் திருப்பினால் பிரேக் தானாகப் பிடிக்கிறது என்று என்னைக் குறை சொல்வார்கள். இன்னர் நுனி பிரிந்து விரலில் குத்தும். ஒரு சின்ன அலுமினிய மூடி போட்டால் தீர்ந்தது. அதற்குப் பதில் வாயில் வைத்துத் திருகிவிட்டுப் போவார்கள். “மெக்கானிக் யாரும் இல்லையாம்மா?” என்று என்னிடமே கேட்பார்கள். நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங். நாலு கம்பெனியில் பெண் என்று திருப்பி அனுப்பினார்கள், ஹமீது பாய் எடுத்துக்கொண்டார். அந்த நன்றி எனக்கு இருக்கிறது. இருந்ததனால்தான் வாயை மூடிக்கொண்டு மாட்டினேன்.

அதிராம்பட்டினத்திலிருந்து மூஸா என்று ஒருவர் வருவார். உப்புக்காற்றில் ஒயர் துருப்பிடித்து, லீவரை விட்டால் திரும்பியே வராது. ஒவ்வொரு தடவையும் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு வருவார். “எண்ணெய் துருவைத் தின்னாது, துருதான் கம்பியைத் தின்னுது. துருப்பிடிக்காத இன்னரா மாத்துங்க,” என்று ஒரு தடவை கத்தியேவிட்டேன். மனிதர் சிரித்துக்கொண்டே, “கத்தாதம்மா, மாத்து,” என்றார். இத்தனை மாதத்தில் சொன்னதும் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

இங்கே நான் மாட்டினேன். கடையின் ஆட்கள் இரண்டு பேரும் நானுமாக, சீட்டு உறை, கைப்பிடி ரப்பர் எல்லாம் சேர்த்து, இரண்டரை நாளில் அறுபதையும் முடித்தோம். அதில் இருபத்து நான்கு என் கைவேலை. நல்ல கறுப்பு அவுட்டர்களைக் கழற்றி சாக்கில் போட்டோம், மட்டமானதை எடுத்து மாட்டினோம். நாலு வருஷம் படித்தது இதற்குத்தான். பாய் பேசுவார், பாய் பேசுவார் என்று இருந்தேன். பொய். அப்பா அந்த மில்லில் வேலை செய்கிறார், பயம். அதுதான் உண்மை.

கடைசி சைக்கிளை முடித்ததும், நேற்று மாலை, ஒன்றை எடுத்துக்கொண்டு புது ஆற்றுக் கரைக்குப் போனேன். எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடம் போகிற வழி அது. தட்டையான பூமிதான், ஆனால் கரையிலிருந்து ரோட்டுக்கு ஒரு இறக்கம் உண்டு. அறுவடைக் காலம். நெல் மூட்டை லாரிகள் கொள்முதல் நிலையத்துக்கு அந்த ரோட்டில்தான் போகின்றன. பின்னால் கேரியரில் புத்தகப் பை கனத்துக்கு அரை மூட்டை தவிட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முதல் தடவை பிடித்தது. இரண்டாவது தடவையும் பிடித்தது. மூன்றாவது தடவை, பாதி இறக்கத்தில், இரண்டு லீவரையும் முழு பலத்தோடு பிடித்தேன். ‘டப்’ என்று ஒரு சத்தம். வலது லீவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டது. முன்பிரேக் போய்விட்டது. பின்பிரேக் மட்டும் இழுத்துக்கொண்டு வந்தது. ரோட்டுக்குப் போய்விடக் கூடாது என்று கருவேல முள்ளுக்குள் திருப்பினேன்.

முழங்கையில் கட்டு அதனால்தான். இன்று காலை அதைப் பார்த்துவிட்டு பாய் சொன்னார்: “மெதுவா ஓட்டினா ஒண்ணும் ஆகாது.” பிளந்ததற்குப் பதில் வேறு மஞ்சளை மாட்டவைத்து, அந்தச் சைக்கிளையும் வரிசையில் நிறுத்திவிட்டார்.

மறுபடி களத்துக்கு வருகிறேன்.

“பிரேக்கு புடிக்கலையா?” என்றார் பஞ்சநதம்.

“புடிக்குது சார்.”

“அப்புறம் என்ன?”

“எத்தனாவது தடவை புடிக்காதுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நேத்து எனக்கு மூணாவது தடவை புடிக்கல.” கையைத் தூக்கிக் காட்டினேன்.

தமிழரசன் சிரித்தான். “சைக்கிள் ஓட்டத் தெரியாம விழுந்துட்டு ஒயர் மேல பழியா?”

“எட்டாவதுலேருந்து ஓட்டுறேன். நீங்க வாங்கிட்டு வந்தது கியர் அவுட்டர். பிரேக்குக்கு ஆகாது.”

“மஞ்சள் அவுட்டர் கேட்டேன். மஞ்சள் அவுட்டர் குடுத்தான். அவுட்டர்னா அவுட்டர்தானே?”

“பிரேக்குக்குன்னு சொல்லிக் கேட்டீங்களா?”

“சைக்கிளுக்குன்னு கேட்டேன். பின்ன என்ன, ஏரோப்ளேனுக்கா கேப்பாங்க?”

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். நான் பாயைப் பார்த்தேன். “பாய், நீங்க சொல்லுங்க. ஆகுமா, ஆகாதா?”

ஹமீது பாய் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். “அது வந்துங்க… பிரேக்குக்குன்னு தனியா ஒண்ணு இருக்கத்தான் செய்யுது. அதுதான் முறை. ஆனா இதுவும் உடனே போயிடும்னு சொல்ல முடியாது. பொம்பளப் புள்ளைங்க என்ன, நிதானமா ஓட்டுறதுங்கதானே?”

பேசிவிட்டார். மூன்று நாளாகப் பேசுகிறேன், பேசுகிறேன் என்றது இதைத்தான்.

“பாத்தியா, கடைக்காரரே சொல்லிட்டாரு,” என்று பஞ்சநதம் எழுந்தார். குரலில் கோபம் இல்லை. நல்ல மனிதர் என்றுதான் ஊரில் பெயர். உண்மையிலேயே அந்த அறுபது பெண்களும் சைக்கிளில் போக வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் வாங்கினார். அது வேறு என் ஆத்திரத்தைக் கூட்டியது. கெட்டவனாக இருந்தால் கத்திவிட்டு வந்துவிடலாம். “இந்தாம்மா, நீ படிச்ச பொண்ணு. வாஸ்தவம். ஆனா நாளைக்குக் காலையில நல்ல காரியம். கறுப்பைத் திரும்ப மாட்டுன்னு வாய் கூசாம சொல்றியே.”

“டயர் கறுப்புதானே சார்?”

“டயர் தரையில உருள்றது. அது கணக்குல வராது.”

“செயினு?”

“அதுக்குக் கவர் போட்டிருக்கு.”

“உங்க தலை போன வாரம் வரைக்கும் வெள்ளையா இருந்துச்சு. இப்ப கறுப்பா இருக்கு. அது மங்களத்துல சேருமா சேராதா?”

யாரோ ஒருவர் இருமுவதுபோலச் சிரிப்பை விழுங்கினார். பஞ்சநதத்தின் கை தானாகத் தலைக்குப் போய்ப் பாதியில் நின்றது.

“ஏய் மதி!” என்று அப்பா கத்தினார். என்னைக் கைநீட்டி அடித்ததில்லை. அன்று அடித்திருப்பார், நடுவில் சைக்கிள் வரிசை இருந்தது.

நான் அந்த வரிசையிலிருந்தே ஒரு சைக்கிளை இழுத்தேன். நான் மாட்டியதுதான், ஒயரை வளைத்துவிடுகிற என் கைவாகு எனக்குத் தெரியும். முன்சக்கரத்தை நாற்காலி காலுக்கு முட்டுக்கொடுத்து, வலது லீவரை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினேன். விட்டேன். அழுத்தினேன். நாலாவது தடவையில் லீவருக்குப் பக்கத்திலேயே மஞ்சள் தோல் பிளந்து, கம்பிகள் துடைப்பம் மாதிரி விரிந்து வெளியே வந்தன. லீவர் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டது.

“இது,” என்றேன். “இதைத்தான் சொல்றேன்.”

எல்லோரும் கிட்டே வந்து பார்த்தார்கள். பஞ்சநதமும் குனிந்து பார்த்தார். ஒரு கம்பியை விரலால் தொட்டார். அவருக்குப் புரிந்தது. முகத்தில் தெரிந்தது. ஆயிற்று, கழற்றச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

“இன்னொண்ணை அழுத்து,” என்றான் தமிழரசன்.

அழுத்தினேன். பிளக்கவில்லை. பத்துத் தடவை அழுத்தினேன். உள்ளங்கை எரிந்தது, கட்டுக்கு அடியில் ரத்தம் கசிந்தது. பிளக்கவில்லை. மூன்றாவது சைக்கிள். அதுவும் பிளக்கவில்லை. சனியன், கல்லு மாதிரி நின்றது. எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது, வலியால் அல்ல.

“பாத்தீங்களா மாமா? அந்த ஒண்ணுதான் ஓட்டை. அதை மாத்திட்டா முடிஞ்சுது,” என்றான் தமிழரசன்.

“அடுத்த ஒண்ணு எதுன்னு மீதி அம்பத்தொன்பதுல எப்படிக் கண்டுபிடிப்பீங்க? ஒவ்வொரு பொண்ணா ரோட்டுல விழுந்து கண்டுபிடிக்கவா?”

“வாயை அடக்கிப் பேசு.”

“நேரம் இருக்கு சார்,” என்று அவனை விட்டுவிட்டுப் பெரியவரிடம் திரும்பினேன். “பழைய கறுப்பு எல்லாம் அந்த மூலையில சாக்குலதான் கிடக்கு. புது இன்னர் கடையில இருக்கு. ஒரு சைக்கிளுக்கு இருபது நிமிஷம். மூணு பேரு உட்கார்ந்தா ஏழு மணி நேரம். இன்னிக்கே முடிச்சுடலாம். எனக்குக் கூலி வேண்டாம்.”

அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. அப்பா பேசினார். “ஐயா… கறுப்பையே மாட்டிட்டு, மேல மஞ்சள் துணியைச் சுத்திவிட்டா தெரியாதுங்களே. நாங்க நாலு பேரு இருக்கோம், சுத்திக் குடுத்துடுறோம்.”

துண்டு அக்குளில்தான் இருந்தது. குரலும் தரையைப் பார்த்துத்தான் வந்தது. ஆனால் கேட்டார். அந்தக் களத்தில் அவர் ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பஞ்சநதம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். வரிசையை ஒரு முறை பார்த்தார். வாசலில் ‘அறுபதுக்கு அறுபது’ என்று அவர் படம் போட்ட பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதையும் பார்த்தார்.

“துணி சுத்தினா கட்டுப் போட்ட கை மாதிரில்ல இருக்கும்?” என்றான் தமிழரசன். “கலெக்டர் ஆபீஸ்லேருந்தெல்லாம் வர்றாங்க மாமா. போட்டோவுல அசிங்கமா விழும்.”

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

“ரெத்தினம், ஒண்ணு செய்யலாம்,” என்றார் பஞ்சநதம். குரல் இன்னும் தணிந்துவிட்டது. “விழா முடியட்டும். அப்புறம் அந்தந்தப் புள்ளைங்க கடைக்குக் கொண்டு போயி மாத்திக்கட்டும். பாய், நீங்க மாத்திக் குடுங்க.”

“தாராளமாங்க,” என்றார் பாய்.

“எந்தப் பொண்ணு சார் தஞ்சாவூருக்குச் சைக்கிள் மிதிச்சு வரும்?” என்றேன். “இருபது கிலோமீட்டர். அந்தப் பிரேக்கோடயேவா?”

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அப்பாவிடமே பேசினார். “ஒன் சின்னப் பொண்ணு பேரும் லிஸ்ட்ல இருக்குல்ல? பேரு என்ன?”

“செம்மொழிங்கய்யா. ஒன்பதாவது.”

“அவ சைக்கிளுக்கு மட்டும் கறுப்பை மாட்டிக்கச் சொல்லு. தப்பா நினைக்க மாட்டேன். ஒங்க மனசுக்கு ஆறுதலா இருக்கட்டும். கடைசி வரிசையில ஓரமா வச்சுட்டா கண்ணுக்குத் தெரியாது.”

அப்பா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ ஒன்று அணைந்துவிட்டது. கத்தவேண்டும் என்ற எண்ணமே போய்விட்டது.

“அதான் சொல்றாருல்லம்மா,” என்று மெல்லச் சொன்னார். “நம்ம புள்ளைக்குக் கெடைச்சுடுச்சு. போதும். வா.”

“மத்ததுங்க?”

“அது அவங்கவங்க வீட்டுல பாத்துப்பாங்க.”

“எதைப் பாப்பாங்க? வெளியில மஞ்சளா இருக்கும். உள்ள என்ன கம்பின்னு எந்த அம்மாவுக்குத் தெரியும்? நம்ம அம்மாவுக்குத் தெரியுமா?”

பாய் நடுவில் வந்தார். “மதி, பெரிய மனசு பண்ணிச் சொல்றாரு. போயி அந்த ஒரு சைக்கிளை எடுத்து மாத்தும்மா. இருபது நிமிஷ வேலை. அப்புறம் எல்லாரும் சேந்தே வண்டியில போயிடலாம்.”

“மாத்த மாட்டேன் பாய்.”

“ஏன்?”

“என் தங்கச்சிக்கு மட்டும் மாத்தினா, மத்த அம்பத்தொன்பதும் ஆகாதுன்னு தெரிஞ்சேதான் குடுத்தோம்னு ஆகும். இப்ப வரைக்கும் இவங்களுக்குத் தெரியாது. இனிமே தெரியும்.”

இதைப் பெரியவரைப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் முகம் அப்போதுதான் முதல்முறையாகச் சிவந்தது.

“ரெத்தினம், ஒம்பொண்ணை இட்டுக்கிட்டுப் போ.”

“நானே போறேன் சார்.”

ஒயர் வெட்டுகிற கட்டரை இடுப்பிலிருந்து எடுத்தேன். கடையுடையது. பாயிடம் நீட்டினேன். அவர் உடனே வாங்கவில்லை.

“நாளைக்குக் கடைக்கு வருவேல்ல?”

“வந்தா உள்ள விடுவீங்களான்னு நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“என்ன பண்ணப் போற மதி?” குரல் இறங்கிவிட்டது. அவருக்கு என்னைத் தெரியும்.

கட்டரை சைக்கிள் சீட்டின் மஞ்சள் உறைமேல் வைத்தேன். சாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்த என் சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். கனமாக இருந்தது. உள்ளே சாப்பாடு இல்லை. பாயிடம் பேசி முடித்த கையோடு, காலையிலேயே, பெரியவர் வருவதற்கு முன்னால், மூன்று நாளாக வெட்டி விழுந்த மஞ்சள் மிச்சங்களைப் பொறுக்கி விரல் நீளத்துக்கு நறுக்கினேன். சாக்கிலிருந்த கறுப்பில் நாலைந்தை எடுத்து அதே அளவுக்கு நறுக்கினேன்; குறைகிறதைக் கடையிலிருந்து ஈடுகட்டிவிடலாம். ஒரு மஞ்சள், ஒரு கறுப்பு, ஒரு ரப்பர் பேண்ட். அறுபது ஜோடி. வெட்டிய முகத்தைப் பார்த்தால் போதும். கறுப்பில் ஒரே வளையம் தெரியும். மஞ்சளில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதற்கு இன்ஜினியரிங் படிக்க வேண்டாம்.

அவர் சரி என்று சொல்லியிருந்தால் பையைக் குப்பையில் கொட்டியிருப்பேன். சொல்ல மாட்டார் என்று தெரிந்துதான் நறுக்கினேன்.

“மதி, நில்லு,” என்றார் அப்பா. “நாளைக்கு நான் இங்க வேலைக்கு வரணும்மா.”

நின்றேன்.

“தெரியும்ப்பா,” என்றேன்.

வரிசைக்கு நடுவே நடந்தேன். மஞ்சள் சீட்டுகள் இரண்டு பக்கமும் கல்யாணத்துக்கு வந்த மாதிரி நின்றன. என் பழைய சைக்கிள் வாசல் பக்கச் சுவரில் சாய்ந்திருந்தது. அதை எடுக்கும்போது பேனர் கட்டுகிறவர் ஏணியிலிருந்து, “பாத்தும்மா, கயிறு கிடக்கு,” என்றார். அன்று முழுவதும் யாரும் எனக்குச் சொன்ன உருப்படியான வார்த்தை அதுதான்.

மணி இரண்டு இருபது. பள்ளிக்கூடம் விட நாலு பத்து ஆகும். முதலில் தலைமை ஆசிரியை கலைமகள் அறைக்குப் போவேன். நாளைக்கு அறுபது பேர் பட்டியலில் கையெழுத்துப் போடப்போவது அவர்தான். கேட்டால் சரி, கேட்காவிட்டால் வாசலில் நின்று ஒவ்வொருத்தி கையிலும் ஒரு ஜோடி கொடுப்பேன். முதல் ஜோடி செம்மொழிக்கு. மூன்று மாதமாக அந்த நீலச் சைக்கிளைக் கனவு கண்டுகொண்டிருக்கிறாள். வேண்டாம் என்று சொல் என்பேன். அழுவாள். ஊரெல்லாம் பார்க்க, என்னைத் திட்டிக்கொண்டே அழுவாள்.

அழட்டும். என் சைக்கிளின் பிரேக் லீவரை ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.